பரஸ்தானம் போன கோல்ஃப் பை

என் வீட்டுக்காரர் இங்கிலாந்துக்குக் கோல்ஃப் ஆடப் போவதாகச் சொன்ன அன்று நான் ஒரு பட்டுப்புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையில் தொங்கும் நூலைப் பிரித்து முடிச்சுப் போடுகிற வேலை. கண் தப்பினால் முடிச்சு கோணிக்கொள்ளும். அதனால் தலை நிமிராமலே, "சரி, வரும்போது கால் கிலோ காராசேவு வாங்கிக்கினு வாங்க" என்றேன். செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வருகிற தோரணையில்தான் அவர் சொன்னார். நானும் அப்படியே பதில் சொன்னேன்.

கோல்ஃப் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை சின்னதுதான். அவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கொரியா நாட்டு அதிகாரி ஒருவருக்குக் கார் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மனிதரைக் கோல்ஃப் மைதானத்தில் இறக்கிவிட்டு, இவர் வேலிக்கு இந்தப் பக்கம் காரில் சாய்ந்துகொண்டு நிற்பார். பல வருஷம் அப்படி நின்றார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். கற்றுக்கொள்ளவில்லை, ஆசைப்பட்டார், அவ்வளவுதான். கொரியாக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கோல்ஃப் பையை மட்டைகளோடு இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை அந்தப் பை எங்கள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. நான் பெருக்கும்போதெல்லாம் என் முழங்காலில் இடிக்கும்.

இவரோடு சேர்ந்து நாலு நண்பர்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவர் பெரிய காஞ்சிபுரத்தில் தறி போட்டிருப்பவர். நான் குச்சு கட்டுகிற புடவைகளில் பாதி அவர் வீட்டிலிருந்துதான் வரும். இன்னொருவர் ஜரிகை வியாபாரம் செய்கிற பாய். நாலாவது ஆள் இள வயதிலேயே கப்பலில் சமையல் வேலைக்குப் போய், எப்படியோ இங்கிலாந்தில் கரையேறி, அங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்துவிட்டார். ஆடு மேய்கிற ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். அந்த ஊருக்கும் ஒரு கோல்ஃப் மைதானம் உண்டாம். அங்கே நாலு நாலு பேராகத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்களாம். அந்த நண்பர் தனி ஆள் என்பதால் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத யாரோடாவது சேர்த்து அனுப்புவார்களாம். ஒரு தடவையாவது என் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிற்க வேண்டும் என்று அவர் போனில் சொன்னதிலிருந்துதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் கூட்டம். செல்போனை ஒரு சொம்பில் சாய்த்து வைப்பார்கள். அதில் இங்கிலாந்துக்காரர் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். நான் பஜ்ஜி போடுவேன். என்றைக்குப் போவது என்பதே முடிவாக மாட்டேன் என்றது. வைகாசியில் வா, வெயிலும் புல்லும் நன்றாக இருக்கும் என்றார் அங்கிருப்பவர். வைகாசியில் முகூர்த்தப் புடவைகளை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்றார் தறிக்காரர். பக்ரீத் வருகிறதே என்றார் பாய். கருட சேவை பார்க்காமல் நான் எங்கேயும் வரமாட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். மார்கழியில் கல்யாணம் கிடையாது, வேலை குறைவு, அப்போது வரலாம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னால், மார்கழியில் இங்கே மைதானம் சேறாகக் கிடக்கும், மூன்றரை மணிக்கே விளக்குப் போடணும் என்று சொம்புக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். கடைசியில் மிஞ்சியது ஆடி.

இதற்கு நடுவில் பயிற்சி. செவிலிமேட்டுப் பாலாற்றில் தண்ணீர் எப்போது வந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மணல் கிடக்கிறது, ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். என் வீட்டுக்காரர் காலையில் அங்கே போய் பந்தடிப்பார். எப்போதாவது தறிக்காரரும் பாயும் வந்து நாலு பந்து அடித்துவிட்டுப் போவார்கள். சர்க்கரைக்காக என்னை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் நானும் கூடப் போவேன். பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பது என் வேலை. வெள்ளை மணலில் வெள்ளைப் பந்து தெரியாது. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அப்படியும் தேட வேண்டியதில்லை. அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்று அடித்தாலும் பந்து மேலே போய், யோசித்து, வலது பக்கம் திரும்பிக் கருவேலம் புதருக்குள் போய் விழும். ஒரு நாளும் அது மாறியதில்லை. "அடிக்கறதுக்கு முன்னாடியே நான் போய் புதர்கிட்ட நின்னுக்கறேங்க" என்பேன். அவருக்குக் கோபம் வரும். முள் கிழித்த கையோடு பந்தைக் கொண்டு வந்து கொடுத்தால் அந்தக் கையைப் பிடித்துப் பார்ப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தினமும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அந்தக் காலைகளில்தான்.

எனக்கும் போக வேண்டும் என்று இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. திருப்பதி, பெண் வீடு இருக்கிற ஓசூர், இரண்டைத் தவிர நான் எதைப் பார்த்தேன்? ஒரு நாள் ஆற்றில் பேச்சுவாக்கில், அங்கே போனால் உங்கள் பந்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அங்கே எல்லாம் புல்தரை, பந்து தானாகத் தெரியும் என்றார். நான் கேட்டது அதுவல்ல. அது அவருக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். நீயும் வாயேன் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் விசா வந்த பிறகும் காத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் கிடைத்த நாளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. அவர் நாள்காட்டித் தாளைக் கிழித்து ராகுகாலம் பார்க்காமல் பல் தேய்க்க மாட்டார். ஆடி மாதம், அதிலும் செவ்வாய்க்கிழமை, அதிலும் அஷ்டமி, வடக்கே சூலம். இங்கிலாந்து வடக்கே தானா என்று பாயிடம் கேட்டார். வடக்கும் மேற்கும் என்றார் பாய். பாதிச் சூலம்தான் குத்தும், போங்க என்றேன் நான்.

கடைசியில் தறிக்காரர்தான் வழி சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடலாம். அதாவது, கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பயணத்துக்கு வேண்டிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் கிளம்பலாம். ஒன்றே ஒன்று, வைத்த பொருள் போக வேண்டிய ஊருக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. எங்கள் மாமனார் காசிக்குப் போனபோது ஒரு சொம்பும் வேட்டியும் அப்படி வைத்தாராம். இவர் கோல்ஃப் பையை வைத்தார்.

ஆனிக் கடைசியில் ஒரு நல்ல நாள். பைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். மட்டைகளின் தலையில் ஒரு முழம் மல்லிகை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கி ஆட்டோவில் ஏறியபோது எதிர்வீட்டு அம்மாள் என்ன விசேஷம் என்று கேட்டார். பை இங்கிலாந்துக்குப் போகிறது, ஆள் பின்னாலேயே போவார் என்றேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு ஆட்டோக்காரரைப் போகச் சொன்னார். தறிக்காரர் வீட்டில், தறி இருக்கிற அறையின் மூலையில், சுவாமி படத்துக்குக் கீழே பையை நிறுத்திவிட்டு வந்து, நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த வாரமே இறந்துபோனார். காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், செவிலிமேட்டைக்கூடத் தாண்டவில்லை. நண்பர்கள்தான் தூக்கினார்கள். இங்கிலாந்துக்காரர் போனில் எல்லாவற்றையும் பார்த்தார். யாரோ அவர் முகத்தை அந்தப் பழைய சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் அழுததை யாரும் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன்.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். என் நாத்தனார் கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, "இது ஒன்னே ஒன்னு வெச்சிருக்கீங்களே, ரவா லட்டு பத்தலியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தேன். பெண் என்னைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே போனதும் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

மறுநாள் தறிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பையைக் கேட்டேன். அதில் ஒரு மட்டையின் கைப்பிடி வழுக்குகிறது என்று என் வீட்டுக்காரர் என் பழைய நூல் புடவையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். ஆறு மாத வியர்வை அதில் இருந்தது. அது எனக்கு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

தறிக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பரஸ்தானம் வெச்சது, அண்ணி. போவாம வீட்டுக்குத் திரும்பக் கூடாது."

"போவ வேண்டியவரே போய்ட்டாரு. பைக்கு என்னாங்க சாஸ்திரம்?"

அவர் நகர்ந்து பைக்கு முன்னால் நின்றுகொண்டார். "அவரு நம்பி வெச்சாரு, அண்ணி. அத நான் எப்டி எட்த்துக் குடுக்கறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று குச்சு கட்ட வேண்டிய புடவைகளைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். என் புருஷன் பை, என் புடவைத் துணி, யாரோ வீட்டு மூலையில் சிறையிருக்க வேண்டுமாம். ஆடி செவ்வாய்க்கிழமை வந்தது. விமானம் யாரையும் எதிர்பார்க்காமல் போயிற்று. தறிக்காரரும் பாயும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் பஜ்ஜி போடவில்லை.

ஆனால் வயிறு இருக்கிறது, புடவை வாங்கப் போகாமல் முடியுமா? போனேன். பையின் மேல் ஈரம் படாமல் பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார்கள். மல்லிகைச் சரம் காய்ந்து அப்படியே இருந்தது. தறிக்காரர் மனைவி காபி கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார். தறிக்காரரும் நூல் பார்க்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவார். நான் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். மாதங்கள் போகப் போக எனக்குக் கோபம் எப்படியோ குறைந்துவிட்டது. அங்கே உட்காரும்போது அவர் செத்துப்போனவராகத் தெரியவில்லை. பையை முன்னால் அனுப்பிவிட்டு, நாள் பார்த்துக்கொண்டு எங்கேயோ நிற்கிறார் என்றே தோன்றும். நாள்காட்டியை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். அந்தச் சாஸ்திரம்தான் என்னை அந்த வருஷம் நடமாட வைத்தது.

தலைத் திவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தறிக்காரரும் பாயும் வந்தார்கள். பையைக் கொண்டு போய்ச் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். மறுபடி விசாவுக்குச் சென்னைக்கு அலையப் போகிறார்கள், திவசம் முடிந்ததும் ஆடியில் கிளம்புகிறார்கள். நாலாவது ஆளாக நீங்க வாங்க அண்ணி என்று தறிக்காரர் கேட்டார். சொம்பில் சாய்ந்திருந்தவரும் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். சர்க்கரை, முழங்கால் என்று ஏதோ காரணம் சொன்னேன். உண்மை வேறு. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டு நான் போனால், அவர் கேட்காதது அதோடு முடிந்துபோகும். அது எனக்குத் தாங்காது.

ஆக, பை போயிற்று. ஒரு நாள் சாப்பிட்டு முடித்த நேரத்தில் பாயின் போன் வந்தது, முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. திரை முழுக்கப் பச்சை. எனக்கு ஒரு நிமிஷம் கண் கூசியது. மேடும் பள்ளமுமாகப் புல், தூரத்தில் கல் சுவர், அதற்கு அப்பால் ஆடுகள், தூறல். இவர்கள் இரண்டு பேரும் மணலில் கற்றவர்கள் அல்லவா, பந்துக்குக் கீழே தோண்டித் தோண்டித்தான் அடிக்கத் தெரியும். பாய் அடித்ததில் ஒரு பிடி புல்லும் மண்ணும் பேர்ந்து பந்தைவிட முன்னால் போய் விழுந்தது. இங்கிலாந்துக்காரர் ஓடிப்போய் அதை எடுத்து வந்து இருந்த இடத்தில் வைத்து மிதித்தார். நான் சிரித்தேன்.

அப்புறம் தறிக்காரர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கேமராவில் காட்டினார். சிவப்புப் பொட்டு. இது அவருடைய முறை என்று சொல்லி, என் புடவை சுற்றிய மட்டையால் அவரே அடித்தார். பந்து மேலே போனது, வானமும் தூறலும் ஒரே நிறமாக இருந்ததால் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் நடந்தார்கள். தேடினார்கள். தாழ்வாக முள்செடி ஒன்று வலது ஓரத்தில் நீளத்துக்கு இருந்தது. எனக்குத் தெரியாதா?

"வலது பக்கம் பாருங்க. புதர் உள்ள போயிருக்கும்" என்றேன். போனை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். இன்னும் உள்ளே, இன்னும் கீழே என்றேன். அறுபது தாண்டிய மூன்று பேர் நனைந்துகொண்டு குனிந்து முள்ளுக்குள் கைவிட்டார்கள். தறிக்காரர் புறங்கையில் ரத்தக் கீறல் தெரிந்தது. நான் விடவில்லை. பின்னால் வேறு நாலு பேர் ஆடுவதற்காகக் காத்திருப்பதாகவும், தொலைந்த பந்தைக் கொஞ்ச நேரம்தான் தேடலாம் என்பது அங்கே விதி என்றும் இங்கிலாந்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வலது பக்கம்தான், எனக்குத் தெரியும் என்று நான் சத்தம் போட்டேன்.

பாய் போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார். கண்ணாடி முழுக்க மழைத்துளி. "அடிச்சது அவரு இல்லியேம்மா" என்றார்.

பின்னால் வந்தவர்களில் ஒருவர் தூரத்திலிருந்து கை காட்டினார். பந்து நேராகப் போயிருந்தது. நடுப்புல்லில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், சிவப்புப் பொட்டு மேலே தெரியக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆயுசில் ஒரு பந்துகூட அப்படி அடித்ததில்லை. அவர் அடித்தால் பந்து எங்கே விழும் என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில் அவர்கள் வந்தார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. தறிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார், பாய் பின்னால். பையின் அடியில் கறுப்பு மண் ஒட்டியிருந்தது, காய்ந்த புல்லும். காஞ்சிபுரத்து மண் அந்த நிறத்தில் இருக்காது. போக வேண்டிய ஊருக்குப் போய் வந்துவிட்டது, இனி வீட்டுக்குள் வரலாம், யாரும் தடுக்க முடியாது. தறிக்காரர் ஒரு கால் படியில் வைத்து, நான் வாங்க என்று சொல்வதற்காக நின்றார். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதற்காகத்தான் அவரோடு சண்டை போட்டேன்.

பை உள்ளே வந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுவிட்டால் பயணம் முடிந்தது. அப்புறம் அவர் எங்கேயும் நிற்க மாட்டார். நான் நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன்.

"இன்னிக்கு நாள் சரியில்லீங்க" என்றேன். "வேற நல்ல நாளா பார்த்து எட்த்துக்கினு வாங்க."

தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. தறிக்காரர் பாயைப் பார்த்தார். பிறகு படியிலிருந்து காலை எடுத்தார். "சரிங்க, அண்ணி. பார்த்துக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் திரும்பவும் ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ திரும்பும்போது மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியது.